உம்மாட குடி

டிஎன்ஏ சோதனைக் குழாய் வாங்கிப் பரம்பரை தேடும் காலத்தில், கல்முனைக் கரையின் தாய்வழி நினைவை யார் எழுதி வைப்பது?

2004 டிசம்பர் 26 காலை சுனாமி கல்முனைக் கரையை அடித்துப் போன சில மணி நேரத்தில், சேற்றுக்கும் இடிபாட்டுக்கும் நடுவே உயிரோடு கிடந்த ஓர் ஆண் கைக்குழந்தையைக் கல்முனை ஆதார வைத்தியசாலையில் சேர்த்தார்கள். அன்று அனுமதிக்கப்பட்டவர்களில் அது 81ஆவது ஆள். பெயர் சொல்ல ஆள் இல்லாததால் அந்த இலக்கமே பெயராகிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் ஒருவர் பின் ஒருவராக வந்து ‘இது என் பிள்ளை’ என்று அழுதார்கள். ஒன்பது தம்பதிகள் உரிமை கோரினார்கள் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றப் படியேறி வழக்கை நடத்தியது ஒரே ஒரு தம்பதி. அவர்களிடம் காட்ட எந்தக் கடதாசியும் மிஞ்சவில்லை. பிறப்புப் பதிவு, படங்கள் என்று எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிருந்தது. கல்முனை நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரி 14 அன்று முடிவு வந்தது: அந்தத் தம்பதியே பெற்றோர். இரண்டு நாள் கழித்துப் பிள்ளை தாயின் கைக்குப் போனது.

டிஎன்ஏ என்ற மூன்றெழுத்தை எங்கள் கரையில் மீன் விற்பவர் முதல் மௌலவி வரை எல்லாரும் உச்சரிக்கத் தொடங்கியது அந்த வழக்கிலிருந்துதான். அதன் பிறகும் அந்தச் சொல் இங்கே துயரத்தோடுதான் வந்திருக்கிறது. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருது வீடொன்றில் குண்டுகள் வெடித்தபோது இறந்தவர்கள் யார் யார் என்று பிரித்தறிய அதே சோதனை தேவைப்பட்டது. அங்கு இறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பெண் விடயத்தில் மீண்டும் தோண்டி, மீண்டும் சோதித்து, மூன்றாவது சோதனைக்குப் பிறகு 2023இல்தான் பொலிசார் ஒரு முடிவைச் சொன்னார்கள்.

இப்போது அதே டிஎன்ஏ வேறு முகத்தோடு வருகிறது. லண்டனிலும் மெல்பேர்னிலும் டொரொன்டோவிலும் பிறந்து வளர்ந்த எங்கள் பேரப்பிள்ளைகள், பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த சிறிய அட்டைப்பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய், இலக்கக் கோடு ஒட்டிய ஒரு சின்னப் பை, ஒரு துண்டுக் கடதாசி. அரை மணி நேரம் எதுவும் உண்ணாமல் குடிக்காமல் இருந்து, குழாயில் குறித்த கோடு வரை எச்சிலைச் சேர்க்க வேண்டும். நுரை கணக்கில் வராது. மூடியை அழுத்தினால் அதற்குள் இருக்கும் திரவம் எச்சிலோடு கலந்து மரபணுவைக் கெடாமல் வைத்திருக்கும். சில நிறுவனங்கள் எச்சில் கேட்பதில்லை. பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து அனுப்பச் சொல்கின்றன. சில வாரங்களில் தொலைபேசியில் ஒரு வரைபடம் வந்து நிற்கும். நீ இத்தனை சதவீதம் இந்த நாடு, இத்தனை சதவீதம் அந்த நாடு. உனக்கு இந்த இந்த ஊர்களில் தூரத்துச் சொந்தங்கள் இருக்கிறார்கள் என்று அது சொல்லும்.

அந்தப் பிள்ளை உடனே கல்முனைக்குடிக்கோ மருதமுனைக்கோ நிந்தவூருக்கோ அழைப்பெடுத்துக் கேட்கிறது: ‘உம்மும்மா, நாங்க எங்கயிருந்து வந்த?’

அந்தக் கேள்விக்கு உம்மும்மாவிடம், உம்மாவின் உம்மாவிடம், ஒரு விடை இருக்கிறது. கோடிக்கணக்கான டொலர் செலவில் கட்டப்பட்ட ஆய்வுகூடங்கள் தேடும் விடையின் ஒரு பகுதி அது. அந்த விடையை நாங்கள் எழுதி வைக்கவில்லை என்பதுதான் என் கவலை.

குடி என்னும் பதிவேடு

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை உள்ள இந்தக் கரையில் ஒரு பிள்ளை எந்தக் குடி என்று கேட்டால், வாப்பாவின் பெயரைச் சொல்லி விடை தர முடியாது. உம்மாட குடிதான் பிள்ளைக்கும். உம்மாவுக்கு அவருடைய உம்மாவின் குடி, அவருக்கு அவருடைய உம்மாவின் குடி. ஆணுக்கும் குடி உண்டு, ஆனால் அது அவரோடு நின்றுவிடும். அவருடைய பிள்ளைகள் மனைவியின் குடியில் சேர்வார்கள். இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. பக்கத்துத் தமிழ் ஊர்களில் முக்குவரும் வேளாளரும் அதே முறையில்தான் குடி எண்ணுகிறார்கள். சில குடிப்பெயர்கள் இரண்டு சமூகத்திலும் ஒன்றாகவே இருக்கின்றன.

கலியாணப் பேச்சில்தான் இது முதலில் நிற்கும். தரகர் வந்து மாப்பிள்ளையின் படிப்பு, வேலை, கட்டாரில் எத்தனை வருடம் என்று அடுக்கிக்கொண்டு போவார். உள்ளறையின் நிலையோரத்தில் இருந்தபடி பெண்ணின் உம்மும்மா ஒரே கேள்வி கேட்பார்: ‘பொடியன் எந்தக் குடி?’ இரண்டு பேரும் ஒரே குடி என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒரு குடிக்காரர் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அதற்குள் சம்பந்தம் கிடையாது. மாமன் மகளைக் கட்டலாம், மாமி மகனைக் கட்டலாம். அவர்கள் குடி வேறு. உம்மாவின் சகோதரி மகளை, சாச்சி மகளை நினைக்கவே கூடாது. மார்க்கத்தில் அதற்குத் தடை இல்லை. தடை போட்டது குடி. புதிய தலைமுறை இதைத் தளர்த்திக்கொண்டு வருகிறது என்பது உண்மை. ஆனாலும் கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது.

பள்ளிவாசலிலும் குடி இருந்தது. ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர். அந்த மரைக்காயர்கள் சேர்ந்ததுதான் நிருவாகம். கந்தூரிக்கு அரிசி, கறி என்று குடிவாரியாகப் பங்கு பிரித்தார்கள். இன்று பல ஊர்களில் ஜமாஅத்தின் வாக்கெடுப்போ வேறு ஏற்பாடோ அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரால் வருடந்தோறும் கொடியேறுகிறது. அங்கே திரளும் இளைஞர்களில் பத்துப் பேரிடம் குடிப்பெயரைக் கேட்டுப் பாருங்கள். சிலர் சொல்வார்கள். சிலர் உம்மாவுக்கு அழைப்பெடுப்பார்கள். உம்மா தன் உம்மாவைக் கேட்பார்.

வீடும் தாய்வழிதான். பெண்ணுக்குக் கலியாணமென்றால் வீடு அவள் பெயருக்குப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் இன்னொரு வீடு எழுப்பி இளையவளோடு போவார்கள். அவளுக்கும் முடிந்தால் மறுபடி நகர்வார்கள். சாய்ந்தமருதில் ஏதாவது ஓர் ஒழுங்கைக்குள் நடந்து போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். மதிலுக்கு மதில் ஒட்டிய நான்கு வீடுகள், நான்கிலும் சகோதரிகள்; பின்பக்க மதிலில் ஒரு சின்னக் கதவு, கறிச்சட்டி அந்த வழியாகப் போய் வரும். வெளியூர் மாப்பிள்ளைமார் நால்வரும் ஒருவருக்கொருவர் சகலைகள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் ஒரே மண்ணில் நிற்க, ஆண்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் ஊர்கள் இவை.

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி இந்தக் குடிமுறையை ஆராயத் தொடங்கினார். தமிழரும் முஸ்லிம்களும் பக்கம் பக்கமாக வாழும் அந்த ஊரைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 2008இல் வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே, 1876இல், முக்குவரின் தாய்வழிச் சொத்துரிமை விதிகளைக் கிறிஸ்டோபர் பிரிட்டோ கொழும்பில் அச்சேற்றினார். ஆக வெளியாட்கள் முறையை எழுதியிருக்கிறார்கள். முறைக்குள் இருந்த ஆட்களை, இன்னாரின் உம்மா இன்னார் என்ற சங்கிலியை, எவரும் எழுதவில்லை. அது பெண்களின் நாவில் மட்டும் இருந்தது.

உயிரணுவுக்குள் அதே சங்கிலி

எங்கள் உடம்பின் ஏறத்தாழ ஒவ்வொரு உயிரணுவிலும் கருவுக்கு வெளியே இழைமணி என்று ஓர் உறுப்பு உண்டு, பாடப்புத்தகத்தில் மைற்றோகொன்றியா. சக்தி தயாரிப்பது அதன் வேலை. அதற்கென்று தனியாக ஒரு சின்ன மரபணு வளையம் இருக்கிறது, நீளம் 16,569 எழுத்து. இந்த வளையம் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. மகனுக்கும் வரும், மகளுக்கும் வரும். அடுத்த தலைமுறைக்குக் கடத்துவது மகள் மட்டுமே. மகனிடம் அது நின்றுவிடும்.

மேலே குடியைப் பற்றி எழுதிய வரிகளை ஒருமுறை திரும்பப் படியுங்கள். விதி ஒன்றேதான். நுணுக்குக்காட்டி ஏதும் இல்லாத காலத்தில், உடம்புக்குள் நடக்கும் ஒரு கடத்தலின் அதே தடத்தில் எங்கள் மூதாட்டிகள் ஒரு சமூகக் கணக்கை நடத்தி வந்திருக்கிறார்கள். உலகின் பெரும்பாலான மக்கள் தந்தைவழிப் பெயரைத்தான் தூக்கித் திரிகிறார்கள். அவர்களுக்கு இந்தத் தாய்வழி வளையத்தோடு ஒட்டிப் போகும் பெயர் எதுவும் கிடையாது. எங்களுக்கு இருக்கிறது.

ஆகவே வீட்டுச் சோதனை செய்பவர் எந்தச் சோதனையை வாங்குகிறார் என்பது இங்கே முக்கியம். பெரும் நிறுவனங்கள் மலிவாக விற்பது எல்லா முன்னோரையும் கலந்து பார்க்கும் பொதுச் சோதனை. மூத்த தலைமுறைகளுக்குப் போகப் போக அதன் பிடி தளரும். ஒன்றுவிட்ட சகோதரர்களிடையே சராசரியாக 12.5 சதவீதம் பொதுவாக இருக்கும். அடுத்த தலைமுறையில் அது கால்வாசியாகச் சுருங்கும். எங்கள் ஊரில் இந்தக் கணக்கே குழம்பும். மாமன் மகள், மாமி மகன் என்று தலைமுறைக்குத் தலைமுறை கட்டிக்கொண்ட குடும்பங்களில் இரண்டு பேர் பல வழிகளில் சொந்தக்காரர். ஐந்தாறு தலைமுறை தள்ளிய உறவைக் கணினி இரண்டாம் தலைமுறைச் சொந்தம் என்று காட்டிவிடும். கண்டபடி நம்பக்கூடாது.

தாய்வழி வளையத்தை முழுமையாக வாசிக்கும் சோதனை தனி. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபமிலி ட்ரீ டிஎன்ஏ போன்ற நிறுவனம் அதைச் செய்கிறது. ஒரே குடியைச் சேர்ந்த கல்முனைப் பெண்ணும் அக்கரைப்பற்றுப் பெண்ணும் இதைச் செய்து இரண்டு வளையமும் ஒத்துப்போனால், குடி என்ற வாய்மொழிக்கு உடம்பு சாட்சி சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒத்துப்போகாவிட்டால் குடி பொய் என்று ஆகிவிடாது. எப்போதோ வேற்றூரிலிருந்து வந்த ஒரு பெண்ணை, ஆதரவற்ற ஒரு பிள்ளையை, ஒரு குடி தன்னுடையதாக ஏற்றுக்கொண்டிருக்கலாம். அப்படி ஏற்றுக்கொண்டதும் வரலாறுதான், கௌரவமான வரலாறு.

ஓர் எல்லையையும் மனதில் வைக்க வேண்டும். பத்துத் தலைமுறைக்கு முன்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. குடியும் தாய்வழி வளையமும் அதில் ஒரே ஒரு பெண்ணைத்தான் காட்டும். மற்ற 1,023 பேரும் எங்களுடையவர்கள்தான்.

‘நாங்கள் யார்’ என்ற பழைய வழக்கு

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லாமல் போக முடியாது. இலங்கை முஸ்லிம்களின் தோற்றம் வெறும் வீட்டுக் கதையாக ஒருபோதும் இருந்ததில்லை. பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் சட்டநிரூபண சபையிலும், பின்னர் 1888இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையிலும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதம் மாறியவர்கள் என்று வாதித்தார். சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வி அந்த வாதத்தின் பின்னால் நின்றது. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பெழுதி, அரபு வணிகர் வழியை முன்வைத்தார். எங்கள் பக்கத்து எழுத்தாளர் மருதூர் ஏ. மஜீத் எழுதிய ‘மத்திய கிழக்கிலிருந்து மட்டக்களப்பு வரை’ என்ற நூலின் தலைப்பே அந்த நாட்டம் எவ்வளவு தூரம் வேர்விட்டது என்பதைக் காட்டும்.

ஆக, தொலைபேசியில் வரும் சதவீத வரைபடம் நூற்று நாற்பது வருடமாக நடக்கும் ஒரு வழக்கில் தீர்ப்பு மாதிரித் தெரியும். அது தீர்ப்பல்ல. அந்தச் சதவீதங்கள், நிறுவனம் தன் கையில் வைத்திருக்கும் மாதிரி ஆட்களோடு ஒப்பிட்டு வரும் மதிப்பீடு. மாதிரிகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வழியினர். கல்முனை முஸ்லிம், யாழ்ப்பாணத் தமிழர், காலிச் சிங்களவர், திருநெல்வேலிக்காரர் எல்லாரும் பெரும்பாலும் ‘தென்னிந்தியா, இலங்கை’ என்ற ஒரே பெட்டிக்குள் போய் விழுவார்கள். மாதிரிப் பட்டியல் மாறும்போது ஒருவரின் சதவீதமும் அடுத்த வருடம் மாறிவிடும். அவருடைய இரத்தம் மாறுவதில்லை.

முறையான ஆய்வு என்ன சொல்கிறது? இந்தியாவில் ஆறு முஸ்லிம் சமூகங்களை, கேரள மாப்பிளாக்களும் தமிழ்நாட்டுத் தாவூதி போராக்களும் உட்பட, ஈஸ்வர்காந்த், தங்கராஜ் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஹைதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் பணி அது. பெரும்பகுதி மரபணு அண்டை அயல் மக்களோடு பொதுவானது, அதோடு மேற்காசியத் தொடர்பு சிறிதளவு ஆனால் தெளிவாகத் தெரியும் அளவில் இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. கடலோடிய ஆணும் மண்ணில் வேரூன்றிய பெண்ணும் சேர்ந்த குடும்பம் என்ற எங்கள் பழங்கதைக்கு இது முரண் அல்ல. இராமநாதனும் அஸீஸும் ஆளுக்கொரு வழியைப் பிடித்து நின்றார்கள். தாய்வழியை முதன்மையாகப் பிடித்துக்கொண்ட எங்கள் கிழக்குக் கரைக்காரரை இருவருமே முழுதாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் எண்ணம். அரபு வழியைப் பெருமையாகச் சொல்லும் குடும்பமும் கலியாணத்துக்குக் கேட்பது உம்மாவின் குடியைத்தானே.

மரபணுவால் உண்மையிலேயே வெளிச்சம் தரக்கூடிய கேள்விகள் வேறு இருக்கின்றன. போர்த்துக்கேயர் 1626இல் தம் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாறு சொல்கிறது. அவர்கள் மனைவி மக்களோடு வந்தார்களா, இங்கே வந்து பெண் கட்டினார்களா? முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முக்குவருக்கு உதவிய முஸ்லிம்கள் கைமாறாகப் பெண் பெற்றுக் குடியமர்ந்தார்கள் என்று மட்டக்களப்பு மரபு சொல்கிறது. ஒரே குடிப்பெயர் இரு சமூகத்திலும் இருப்பதற்கு அதையே காரணமாகக் காட்டுவாரும் உண்டு. வட கேரளத்துக் கண்ணூர் மாப்பிளாக்களிடமும் தாய்வழித் தறவாடு உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்ணுக்குத்தான் வீடு. அந்தக் கரைகளின் தாய்வழி வளையங்களையும் எங்கள் குடிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் எத்தனையோ தெளியும். ஆனால் அதற்கு முதலில், மாதிரி தருபவர் தன் குடியை அறிந்திருக்க வேண்டும்.

மார்க்கம் எங்கே நிற்கிறது

நஸபு, வம்சாவழி, இஸ்லாத்தில் காக்கப்பட வேண்டியவற்றில் ஒன்று. மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹு சபை 2002 ஜனவரியில் தனது 16ஆவது அமர்வில் மரபணுச் சோதனை பற்றி ஒரு தீர்மானம் எடுத்தது. நிக்காஹின் வழி நிலைபெற்ற ஒரு வம்சத்தைச் சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்ப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. வைத்தியசாலையில் குழந்தைகள் மாறிப்போனால், விபத்திலும் பேரழிவிலும் யுத்தத்திலும் ஆட்களை அடையாளம் காண முடியாமல் போனால், பயன்படுத்தலாம். மூன்று வருடத்துக்குள் கல்முனையில் நேர்ந்ததற்கு முன்கூட்டியே எழுதி வைத்தது போல இருக்கிறது அது.

வீட்டுச் சோதனைக்காரர் இதை மனதில் கொள்ள வேண்டும். முன்னோரைத் தேடிப் போனவருக்கு, எதிர்பாராமல் ஒரு தந்தைவழி ஐயமோ, எவரும் சொல்லாத ஒரு சகோதரனோ வந்து நிற்கலாம். உலகம் முழுக்க இப்படி நடந்திருக்கிறது. எங்கள் போன்ற ஊரில், ஒழுங்கைக்கு ஒழுங்கை சொந்தம் என்ற இடத்தில், அந்தத் தகவல் ஒரு குடும்பத்தை மட்டும் தொடாது. ஒருவர் குழாயை அனுப்பினால் அவரோடு சேர்ந்து அவருடைய ராத்தாவின், காக்காவின், இன்னும் பிறக்காத மருமக்களின் தகவலில் ஒரு பகுதியும் போகிறது. அவர்களைக் கேட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை.

இன்னொன்றும் இருக்கிறது: பால்குடி உறவு. ஒரு தாயிடம் பால் குடித்த இரண்டு பிள்ளைகள், இரத்தம் வேறென்றாலும், மார்க்கத்தில் சகோதரர்கள், கலியாணம் ஆகாது. எந்த ஆய்வுகூடமும் அதைக் கண்டுபிடிக்காது. யார் யாருக்குப் பால் கொடுத்தார் என்பது உம்மும்மாவுக்கு மட்டும் தெரியும்.

தகவல் பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; நடந்ததைச் சொன்னாலே போதும். ட்வென்டி-த்ரீ-அண்ட்-மீ நிறுவனத்தில் 2023இல் நடந்த ஊடுருவலில் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் தகவல் வெளியே போனது. 2025 மார்ச்சில் அது வங்குரோத்து மனு தாக்கல் செய்தது. கோடிக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவு ஏலத்துக்குப் போகும் சொத்தாயிற்று. கடைசியில் நிறுவனத்தின் இணை நிறுவுநரே தொடங்கிய அமைப்பு 30.5 கோடி டொலருக்கு வாங்கியது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகையாக வைத்திருக்கிறது. கடல் கடந்து போன குழாயின் மேல் அந்தச் சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று யாரும் உறுதி தர முடியாது.

பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிகள்

தாய்வழி வளையத்தின் உண்மையான பெறுமதி எனக்குப் புரிந்தது பரம்பரைப் பெருமை பேசும் கதைகளிலிருந்து அல்ல. இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பு 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கீழ் கிடைத்தபோது, அவன் சகோதரியின் பெண்வழியில் வந்த ஒருவரைக் கண்டுபிடித்து ஒப்பிட்டார்கள். லண்டனில் தளபாடம் செய்யும் தச்சர் அவர். ஐந்நூறு வருடத்துக்குப் பிறகும் வளையம் ஒத்துப்போனது. வியப்பான செய்திதான். அதை விட என்னைத் தொட்டது ஆர்ஜென்டினா.

அங்கே 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கான இளைஞர் யுவதிகள் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார்கள். சிறையில் பிரசவித்த பெண்களின் குழந்தைகள் பிடுங்கப்பட்டு வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன. மகளும் இல்லை, மருமகனும் இல்லை. பேரப்பிள்ளை எங்கேயோ வேறு பெயரில் வளர்கிறது. அந்தப் பாட்டிமார் ஒன்றுகூடி, பெற்றோர் இல்லாத இடத்தில் பாட்டியின் இரத்தத்தைக் கொண்டு பிள்ளையை நிரூபிக்க முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் கேட்டுத் திரிந்தார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1984இல் அவர்களோடு சேர்ந்தார். தாய்வழி வளையம் அதற்கு வழி செய்தது. உம்மாவின் உம்மாவிடமும் பேரப்பிள்ளையிடமும் அது அச்சு அசலாக ஒன்றே. 1987இல் அந்த நாட்டுச் சட்டமே ஒரு தேசிய மரபணுத் தரவு வங்கியை நிறுவியது. பாட்டிகள் தாம் இறந்த பிறகும் தேடல் நிற்கக்கூடாது என்று தங்கள் இரத்தத்தை அங்கே விட்டுப்போனார்கள். இன்றுவரை நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.

இதை வாசிக்கும்போது கல்முனையிலிருந்து காத்தான்குடி போகும் வீதி நினைவுக்கு வராமல் இருக்குமா? 1990 ஜூலையில் அந்த வீதியில் பயணம் செய்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹஜ் முடித்துத் திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். புதைத்த இடத்தைத் தோண்ட வேண்டும் என்று குடும்பங்கள் நீண்ட காலமாகக் கேட்டு வருகின்றன. 2014இல் நீதிமன்றம் வரை போன விடயம் அது. அதே 1990இன் செப்டெம்பரில் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களில் 158 பேர் இராணுவத்தால் அழைத்துச் செல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. இரண்டு சமூகத்துத் தாய்மாரும் ஒரே கரையில் முப்பத்தைந்து வருடமாகக் காத்திருக்கிறார்கள். பலர் காத்திருந்தே மௌத்தாகிவிட்டார்கள், காலமாகிவிட்டார்கள்.

மண்ணுக்குள் பல தசாப்தம் கிடந்த எலும்பில் மற்ற மரபணு சிதைந்த பின்னும் தாய்வழி வளையம் பெரும்பாலும் எஞ்சும். ஓர் உயிரணுவுக்குள் அதற்கு நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதே காரணம். தாய் இறந்துவிட்டாலும் வழி அடைபட்டுவிடாது. இறந்தவரின் சகோதரி, சகோதரியின் பிள்ளைகள், சாச்சியின் பிள்ளைகள், பெரியும்மாவின் பேத்தி, தாய்வழியில் யார் இருந்தாலும் ஒப்பிடலாம். அந்த ஆட்கள் யார் யார் என்று கண்டுபிடிக்க வேறு நாட்டுக்காரர் ஆவணக் காப்பகத்தில் வருடக்கணக்காகத் தேட வேண்டும். எங்கள் ஊரில் உம்மும்மாவிடம் கேட்டால், ‘நம்மட குடியில இன்ன இன்ன ஆக்கள்’ என்று ஒரு மாலைப் பொழுதில் சொல்லிவிடுவார். தமிழ் ஊர்களிலும் அப்படியே. கலியாணத்துக்கு மட்டும் கேட்டு வந்த அந்தக் கேள்விக்கு இப்படியொரு பயன் இருக்கிறது என்பதை நாங்கள் இன்னும் உணரவில்லை.

சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையோரக் குடும்பங்களில் இருந்த மூதாட்டிகள் பலர் அன்று காலை வீட்டில் இருந்தவர்கள், ஓட முடியாதவர்கள். அவர்களோடு போன குடிக்கணக்கு எவ்வளவு என்று சொல்ல வழியில்லை. எஞ்சியவர்களும் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். ஒரு மரபணு மாதிரியை உறைநிலையில் பல்லாண்டு வைக்கலாம். நினைவை அப்படி வைக்க முடியாது.

என்ன செய்யலாம்

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இயங்குகிறது. இந்தக் கரையின் ஒவ்வோர் ஊரிலிருந்தும் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள், பெண்பிள்ளைகள் பெருந்தொகையில். ஒவ்வொரு மாணவரும் தன் தாய்வழியை எட்டும் தலைமுறை வரை எழுதி, ஊர், குடி, எந்த ஒழுங்கை என்பதோடு ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு பணியைக் கொடுத்தாலே சில வருடங்களில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு தாய்வழிப் பதிவேடு உருவாகிவிடும். கிழக்குப் பல்கலைக்கழகம் தமிழ் ஊர்களில் அதைச் செய்யலாம். இரண்டையும் ஒப்பிடும் நாளில் ஒரே குடிப்பெயர்கள் எதிரெதிரே வந்து நிற்கும்.

பள்ளிவாசல் நிருவாகங்கள் குடி மரைக்காயர் முறையை மீட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது காலத்தோடு போகட்டும். பழைய மரைக்காயர்மார் கைப்பட எழுதிய பெயர்ப் பட்டியல், கந்தூரிக் கணக்குக் கொப்பி ஏதாவது அலுமாரிக்குள் இருந்தால், செல்லரிப்பதற்கு முன் படமெடுத்து வையுங்கள்.

காணாமற்போனோர் அலுவலகத்திடம் ஒரு வேண்டுகோள். அகழ்வு நடக்கட்டும், பிறகு மாதிரி எடுப்போம் என்று காத்திருந்தால் மாதிரி தர வேண்டியவர்கள் இருக்கமாட்டார்கள். காணாமற்போனவர்களின் தாய்மாரிடமும் சகோதரிகளிடமும் இப்போதே, சம்மதம் பெற்று, மாதிரி எடுத்துப் பாதுகாப்பாக வையுங்கள். கல்முனையிலும் காத்தான்குடியிலும் வந்தாறுமூலையிலும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். எடுத்த மாதிரி அந்த ஒரு தேவைக்கு மட்டுமே பயன்படும் என்று சட்டத்தில் எழுதித் தாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து சோதனைப் பெட்டி வாங்கும் பிள்ளைகளே, வாங்குங்கள், தடுக்கவில்லை. வாங்கினால் தாய்வழியை முழுமையாக வாசிக்கும் சோதனையைத் தேர்ந்தெடுங்கள், உடன்பிறந்தவர்களிடம் சம்மதம் கேளுங்கள், சதவீதத்தைப் பார்த்து எவரோடும் வாதிடாதீர்கள். பெட்டி வந்து சேரச் சில வாரமாகும். அதற்குள் உம்மும்மாவுக்கு ஒரு காணொளி அழைப்பு எடுங்கள். குடிப்பெயர் என்ன, அவருடைய உம்மாவின் பெயர், அவருக்கு உம்மாவின் பெயர், எந்த ஊரில் பிறந்தார்கள், எத்தனை சகோதரிகள், யார் எந்த ஊருக்குப் போனார்கள், யார் யாருக்குப் பால் கொடுத்தார், 1990இலும் 2004இலும் யாரை இழந்தார்கள் என்று கேட்டு, அவர் குரலையும் பதிவு செய்து, ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். மற்றதைக் கல்முனையில் இருக்கும் உங்கள் உம்மாவின் சகோதரி மகளிடம் கொடுத்து வையுங்கள்.